பேரம் பேசாத ஊர்கள்

ராஜையனைக் கோர்ட் விடுதலை செய்த செய்தி புன்னைத்துறைக்கு வந்தபோது குளோரி கடற்கரையில் நெத்திலி அள்ளிக்கொண்டிருந்தாள். 1949, ஆவணி மாதம். செய்தி கொண்டுவந்தவன் அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் கொஞ்சநேரம் நின்றான். பிறகு ஞானசெல்வி இருந்த பக்கம் திரும்பாமல், கடலைப் பார்த்துச் சொன்னான்.

செத்துப்போனவள் ஞானசெல்வியின் தங்கை செலின். பதினேழு வயது. ராஜையனின் கருவாட்டுக் களத்தில் மீன் உலர்த்தும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், பங்குனியில் ஒரு சனிக்கிழமை வீடு திரும்பவில்லை. திங்கட்கிழமை காலையில் தேங்காய் மட்டை ஊறப்போடும் குட்டையில் கிடந்தாள். மட்டை மிதக்காமலிருக்க ஏற்றிவைக்கும் கல்லை அவள்மேலும் ஏற்றியிருந்தார்கள். ராஜையன் அவளைக் கிடங்குக்குள் இழுத்துக்கொண்டு போனதைச் சுமட்டுக் கூலிக்காரர்கள் இரண்டு பேர் பார்த்திருந்தார்கள். ஏட்டு சிவதாணுவிடம் அப்படியே சொல்லவும் செய்தார்கள். கோர்ட்டில் ஏறி நின்றபோது, அன்று தாங்கள் குளச்சலில் இருந்ததாக இருவரும் சொன்னார்கள்.

கரையில் ஆண்கள் கூடிப் பேசினார்கள். ஊரில் பாதிக் கட்டுமரங்களின் மீனை எடுப்பவன் ராஜையன்தான். பேச்சு நீண்டுகொண்டே போய், கடைசியில் செலினுக்காகக் கோயிலில் ஒரு பாட்டுப்பூசை வைப்பது என்று முடிந்தது.

ஞானசெல்வி அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை. அவளுக்கு இருபத்தாறு வயது. கல்யாணமாகி ஒரு வருஷத்தில் புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். தங்கையைத் தவிர வீட்டில் வேறு ஆள் கிடையாது. தினமும் காலையில் குளோரியோடும் மிக்கேலம்மாளோடும் பனையோலைக் கடவத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு, ஆறேழு மைல் உள்ளே இருக்கிற ஊர்களுக்கு மீன் விற்கப் போவாள். மூன்று பேரும் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்புவது பத்து வருஷப் பழக்கம். மிக்கேலம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது. ஆண்களோடு நின்று கரைமடி வலை இழுத்த கைகள். குளோரி நாற்பதைத் தாண்டியவள். அவளுடைய புருஷன் மரியான் அதிகம் பேசாத ஆள். மகன் கிளீட்டஸ் அந்த வருஷம்தான் அப்பனோடு கடலுக்குப் போகத் தொடங்கியிருந்தான்.

விடுதலை ஆன அடுத்த திங்கட்கிழமை, ஏட்டு சிவதாணு சந்தையில் அவர்கள் கடவத்துக்கு முன்னால் வந்து குந்தினார். மெலிந்த ஆள். மீனின் செவுளை விரலால் தூக்கிப் பார்க்கும்போதுகூட முகத்தில் ஒரு சலிப்பு இருக்கும். கோர்ட்டில் ராஜையனின் வக்கீல் அவரைப் பொய் கேஸ் எழுதுகிறவர் என்று சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்திருந்தான்.

"கேஸு தோத்துப்போச்சு, கேட்டியா?" என்றார் மீனைப் பார்த்தபடியே. "இனி நான் ஒண்ணும் செய்ய ஒக்காது."

ஞானசெல்வி கடவத்தின்மேல் மொய்த்த ஈயை விரட்டினாள்.

"வியாழக்கிழம அவன் மண்டைக்காட்டுக்குப் போறான். காலம்பற ஒம்பது மணி இருக்கும். சைக்கிள்ல. தாழங்காட்டுப் பாதை வழியா. ஒத்தைக்குத்தான் போறான்." செவுளை விட்டுவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டார். "நல்ல சாளையாப் பாத்து எடு."

குளோரி எடுத்துக் கொடுத்தாள். அவர் போன பிறகு ஞானசெல்வி சொன்னாள், "அக்கா, நம்ம எப்பவும் அந்தப் பாதையிலதானே போறோம்."

மிக்கேலம்மாள் அவளை ரொம்ப நேரம் பார்த்தாள். "ஆமா மக்கா. நம்ம பாதைதான்."

வியாழக்கிழமை வெயில் ஏறிவிட்டிருந்தது. இரண்டு பக்கமும் தாழை அடர்ந்து, நடுவில் ஒரு வண்டி போகிற அகலத்துக்கு மணல்பாதை. எதிரே சைக்கிள் மணி கேட்டது. ராஜையன் வெள்ளை வேட்டியை மடித்துக்கட்டி, மணலில் சக்கரம் புதையாமலிருக்க ஓரமாக ஓட்டிவந்தான். மீன்காரிகள் வழி விடுவார்கள் என்று மணியடித்தான். அவர்கள் விலகவில்லை. மறுபடியும் அடித்தான். அப்போதுதான் முகங்களைப் பார்த்தான்.

மிக்கேலம்மாள் கடவத்தை இறக்கிவைத்துவிட்டு, சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்தாள். அவன் ஒரு காலை ஊன்றி, "ஏட்டி, விடு" என்றான். அதற்குள் அவள் சைக்கிளோடு சேர்த்து அவனைச் சாய்த்துவிட்டாள். அவன் எழுந்து ஓடப் பார்த்தான். குளோரி தன்னுடைய உடம்பு முழுவதையும் அவன் கால்கள்மேல் போட்டுப் பிடித்துக்கொண்டாள். அவள் செய்தது அது ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு பிடித்திருந்தாள். கால்கள் உதைத்தன, பிறகு துடித்தன, பிறகு அவள் நெஞ்சுக்கடியில் கனமாகக் கிடந்தன. கண்ணைத் திறந்தபோது ஞானசெல்வி மீன் வெட்டும் கத்தியை மணலில் குத்தி இழுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பெரிய சுறாவை அறுத்து முடித்தவளைப் போல அவளுக்கு மூச்சு வாங்கியது.

"எழும்பு. மீனு வெயில்ல கெடக்கு" என்றாள் மிக்கேலம்மாள்.

அவர்கள் அன்றும் சந்தைக்குப் போனார்கள். குளோரியின் சேலையில் ரத்தம் இருந்தது. மீன் விற்கிறவள் சேலையில் ரத்தம் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. உச்சிப்பொழுதுக்குள் மூன்று கடவங்களும் காலியாகிவிட்டன.

விசாரணைக்கு வந்தவர் சிவதாணுதான். யாரோ கருவாட்டு வியாபாரத்தில் பகை உள்ள வெளியூர் ஆட்கள் என்று எழுதிக்கொண்டார். மணலில் பதிந்திருந்த காலடிகள்மேல் தன்னுடைய பூட்ஸால் நடந்து நடந்து, எல்லாவற்றையும் கலைத்துவிட்டதாக ஊரில் சொன்னார்கள். தாழங்காட்டுக்கு அப்பால் விறகு பொறுக்கிக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் மூன்று பெண்களைப் பார்த்திருந்தார். அவர் போலீஸிடம் ஒன்றும் சொல்லவில்லை. மற்ற எல்லோரிடமும் சொன்னார்.

ஒரு மாதத்துக்குள் குளோரிக்கு அது தெரிந்துவிட்டது. உள்நாட்டு ஊர்களில் பெண்கள் அவளிடம் பேரம் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். முன்பெல்லாம் ஒரு கூறு அயிலை மீனுக்காக வாசலில் நின்று அரைமணி நேரம் சண்டை போடுகிறவர்கள், இப்போது சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு சட்டென்று உள்ளே போனார்கள். ஆண்கள் பாதையில் ஒதுங்கி நின்றார்கள். ஒரு வீட்டில் குழந்தை அழுதபோது, "மீன்காரி வந்திருக்கா, சத்தம் போடாத" என்று உள்ளேயிருந்து யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது.

கொலைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து குளோரி பூசையில் நன்மை அப்பம் வாங்குவதை நிறுத்திவிட்டாள். பூசைக்குப் போவாள், வரிசை எழும்பும்போது கடைசித் தூணுக்குப் பக்கத்திலேயே முழங்காலில் இருப்பாள். பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யலாம். சாமியார் கேட்பார். ஆனால் செய்ததை நினைத்து வருந்தி மனஸ்தாபப்படுகிறாயா என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. செலினை நினைத்தால் மனஸ்தாபம் வரவில்லை. அந்தக் கால்களை நினைத்தால் வந்தது. ஞானசெல்விக்கு அப்படி எந்தக் குழப்பமும் இல்லை. அவள் முக்காடு போட்டுக்கொண்டு வரிசையில் முதலாவதாகப் போய் நாக்கை நீட்டினாள். முகத்தில் சதை பிடித்திருந்தது. சிரிக்கக்கூடச் செய்தாள். கத்தியை மட்டும் முன்னைவிட அடிக்கடி தீட்டினாள்.

முத்துக்கனி அவர்களைத் தேடி வந்தது மாசி மாதம், மண்டைக்காட்டுக் கோயிலில் கொடைத் திருவிழா நடந்துகொண்டிருந்தபோது. பனவிளையைச் சேர்ந்தவள், அவர்களிடம் வழக்கமாக மீன் வாங்குகிறவள். முப்பது வயதுக்குள் விதவையானவள். அன்று சந்தையில் கூட்டம் கலைந்த பிறகு வந்து, மீன் வேண்டாம் என்றாள்.

"பின்ன என்ன வேணும்?" என்று கேட்டாள் மிக்கேலம்மாள்.

முத்துக்கனி சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எனக்க மாப்பிள்ளைய அவருக்க அண்ணன்தான் கெணத்துல தள்ளினாரு. சுயம்புலிங்கம்னு பேரு. இப்ப வீடும் எனக்கு இல்ல, விளை நெலமும் எனக்கு இல்லேங்காரு. போலீஸ்ல சொன்னேன். தொரத்திவிட்டாவ." சொல்லச் சொல்ல அழத் தொடங்கினாள். "நீங்க அந்தக் கொச்சுப்பிள்ளைக்காகச் செய்தியள்லா. எனக்கும் ஆரும் இல்லக்கா."

"நாங்க ஒண்ணும் செய்யல. போ இங்கேருந்து" என்றாள் குளோரி.

ஆனால் ஞானசெல்வி எழுந்து, முத்துக்கனியின் தோளில் கைபோட்டு, புளியமரத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். இருவரும் நெடுநேரம் பேசினார்கள். திரும்பி வந்தபோது ஞானசெல்வியின் கண்ணில் தெரிந்த அமைதி குளோரிக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மூவரும் பேசிக்கொண்டார்கள். அது நம்முடைய ரத்தம், இது யாருடையதோ, இதில் நாம் தலையிடக் கூடாது என்றாள் மிக்கேலம்மாள். ஞானசெல்வி கேட்டாள், "செலினுக்காகக் கோர்ட்ல சாட்சிக்கு நின்னவன் ரெண்டு பேரும் இப்படித்தானே சொல்லியிருப்பானுவ? இது ஆருக்க கொச்சோன்னு?"

மிக்கேலம்மாள் முன்னால் நடந்தாள். குளோரிதான் சொன்னாள், "நான் போய்ப் பாத்துட்டு வாறேன். அதுக்கு முன்ன நீ ஒண்ணும் செய்யப்பிடாது."

ஞானசெல்வி தலையை ஆட்டினாள்.

மறுவாரம் செவ்வாய்க்கிழமை குளோரி தனியாகப் பனவிளைக்குப் போனாள். சுயம்புலிங்கத்தின் வீடு ஊரின் கடைசியில் இருந்தது. ஓலைக்கூரை, மண்சுவர், முற்றத்தில் நாலைந்து ஆடுகள். "மீனு வேணுமா?" என்று அவள் குரல் கொடுத்ததும் உள்ளேயிருந்து ஒருவர் வெளியே வந்தார். வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். வலது கை தோளுக்குமேல் எழும்பாமல் உடம்போடு ஒட்டிக் கிடந்தது. பனையிலிருந்து விழுந்தவர் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"புது மீன்காரியா? இந்தப் பக்கம் பாத்ததில்லையே."

"ஆமா அண்ணாச்சி."

"சாளை உண்டா? அம்மைக்கு முள்ளெடுத்துக் குடுக்கணும். பல்லு இல்ல."

அவர் இடது கையாலேயே சட்டியை எடுத்துவந்து நீட்டினார். உள்ளே கட்டிலில் ஒரு கிழவி படுத்திருந்தாள். அவளுடைய சேலையும் படுக்கைத்துணியும் துவைத்துக் கொடியில் தொங்கின. இந்த வீட்டில் துவைப்பதற்கு வேறு ஆள் இருப்பதாகத் தெரியவில்லை.

குளோரி மீனை எண்ணிப் போட்டபடியே கேட்டாள், "ஒங்க தம்பி கெணத்துல விழுந்து செத்ததாட்டுச் சொன்னாவளே."

சுயம்புலிங்கம் சட்டியைக் கீழே வைத்தார்.

"விழல. புதுக் கெணறு வெட்டினோம். மூணு நாளு மழ. மண்ணு எளகிக் கெடந்தது. வேலைக்கு வந்த அஞ்சு பேரும் எறங்க மாட்டோம்னானுவ. நான்தான் தம்பிகிட்ட, 'ஒண்ணும் ஆவாது, நீ எறங்குல'ன்னு சொன்னேன். எனக்குக் காலு இருந்தா நான் எறங்கியிருப்பேன்." இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மண்ணு சரிஞ்சு மூடிட்டு. அஞ்சு பேரும் கையாலேயே தோண்டினோம். சாயங்காலம்தான் கெடச்சான்."

"அவருக்க பெண்டாட்டி?"

"முத்துக்கனியா? அவ மொகத்துல முழிக்க எனக்கு ஒக்காதும்மா. அம்மைக்கு ஒரு வாய்க் கஞ்சிக்கு இந்த விளை வேணும். அம்மைக்க காலத்துக்குப் பொறவு எல்லாம் அவளுக்குத்தான். சொன்னேன். அவ நம்பல. எப்பிடி நம்புவா?"

திரும்பும் வழியில் குளோரி பனவிளை டீக்கடையில் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். கடைக்காரனிடம் கேட்டாள். அவனும் கிணறு வெட்டப் போன ஐந்து பேரில் ஒருவன். அதே கதையைத்தான் சொன்னான். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை அது. கேட்டிருந்தால் யாரும் சொல்லியிருப்பார்கள். 'தள்ளினாரு' என்று முத்துக்கனி சொன்னது பொய்யல்ல, ஆனால் நடந்ததும் அதுவல்ல என்பது குளோரிக்குப் புரிந்தது. புருஷனை இழந்தவள் எத்தனையோ பகல் தனியாக உட்கார்ந்து, 'இறங்கச் சொன்னார்' என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக 'தள்ளினார்' என்று ஆக்கிக்கொண்டிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் கரையில் வைத்து மற்ற இருவரிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். மிக்கேலம்மாள் கேட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். "மாதாவே. நல்லவேள, நீ போய்ப் பாத்த."

ஞானசெல்வி வலையிலிருந்து பிரித்த நண்டு ஒன்றின் காலை ஒடித்துக்கொண்டிருந்தாள்.

"எறங்கச் சொன்னது ஆரு?" என்றாள்.

"செல்வி, அது வேற."

"மண்ணு எளகிக் கெடக்குன்னு தெரியும்லா? அஞ்சு பேரு மாட்டோம்னு சொன்னப் பொறவும் சொந்தத் தம்பிய எறக்கிவிட்டாரு. இப்ப அவளையும் வெளியில எறக்கிவிட்டாச்சு. இதுக்கு மேல என்னக்கா வேணும்?"

"அவரு அழுதாரு, ஏட்டி. நான் கண்ணால பாத்தேன்."

"ராஜையனும்தான் கோர்ட்ல அழுதான்."

மிக்கேலம்மாள் எழுந்து அவள் முன்னால் போய் நின்றாள். "இங்கப் பாரு. எனக்க பேச்சைக் கேளு. இதோட விட்டுரு. விடல்லேன்னா நான் ஒனக்கக்கூட நடக்க மாட்டேன்."

ஞானசெல்வி நண்டைக் கடவத்தில் போட்டுவிட்டு, "சரிக்கா" என்றாள். அவ்வளவு சுலபமாகச் சரி என்று சொன்னது குளோரிக்கு உறுத்தியது. ஆனால் அன்று களைப்பாக இருந்தது. நம்ப வேண்டும் என்றும் இருந்தது.

மறுநாள் காலையில் ஞானசெல்வி அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. விடிந்ததுமே போய்விட்டாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அவள் ஏலம் எடுத்த சாளை குவியலாக அப்படியே மணலில் கிடந்தது, காக்கைகள் கொத்திக்கொண்டிருந்தன. குளோரி தன் கடவத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள். தாழங்காடு, கால்வாய்க்கரை, வாழைத்தோட்டங்கள். ஓடவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, பனவிளைக் குளத்தங்கரைக்கு வந்தபோது எட்டு மணி இருக்கும்.

ஆடுகள் கரையில் மேய்ந்துகொண்டிருந்தன. சுயம்புலிங்கம் குளத்துப் படிக்கட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தார். முகம் தண்ணீருக்குள் இருந்தது. மேல்படியில் ஞானசெல்வி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வெறும் கடவம் பக்கத்தில் இருந்தது.

குளோரி தண்ணீரில் இறங்கி அவரைத் தூக்கினாள். அவர் செத்து நேரமாகியிருந்தது. உயிரோடு இருந்தபோது எழும்பாத அந்த வலது கை இப்போது வளைந்து அவளுடைய கழுத்தில் விழுந்தது. அவள் அலறிவிட்டாள்.

"அவரு சத்தமே போடல்ல, அக்கா" என்றாள் ஞானசெல்வி. "என்னக் கண்டதும், 'சாளை உண்டா மக்களே?'ன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"உண்டுன்னு சொன்னேன்."

ஞானசெல்வி எழுந்து கடவத்தைத் தலையில் வைத்துக்கொண்டாள். "வா. ஆளு வந்திரும்."

குளோரி அவளோடு போனாள். பின்னாளில் அவள் தன்னைத்தானே அதிகம் கேட்டுக்கொண்டது இதைத்தான்: ஏன் அன்றைக்கே அங்கேயே உட்காரவில்லை? ஊரைக் கூட்டவில்லை? நனைந்த சேலையோடு, ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு, அவள் பின்னாலேயே நடந்துபோனாள்.

இரண்டு நாள் கழித்து சிவதாணு புன்னைத்துறைக்கு வந்தார். குளோரியைத் தனியாகக் கூப்பிட்டு, பள்ளிக்கூடத்துச் சுவரோரம் நிறுத்தினார். முதல்தடவையாக அவர் முகத்தில் பயத்தைப் பார்த்தாள்.

"எவ செஞ்சதுன்னு எனக்குத் தெரியும். கழுத்துல காயம் கெடக்கு. காலு வெளங்காதவன், படியில வழுக்கி விழுந்து கல்லு கிழிச்சதுன்னு எழுதியாச்சு. நீ வாயத் தெறக்காத."

"என்னத்துக்கு எஜமான் அப்பிடி எழுதினியோ? அவரு ஒரு பாவமும் செய்யாத மனுசன்."

"இத எடுத்தா அதும் வெளிய வரும். தாழங்காடு வரும். நான் சந்தையில வந்து ஒங்ககிட்டப் பேசினது வரும். எனக்கு மூணு பெண்மக்கள் இருக்கு." குரலை இறக்கினார். "எல்லாம் அடங்கிப்போவும். அவளுக்குப் புத்தி சொல்லு. அவ்வளவுதான்."

ஊரில் எதுவும் அடங்கவில்லை. சித்திரை பிறந்து இரண்டாவது வாரம், குளோரி ஞானசெல்வியின் வீட்டைத் தாண்டிப் போனபோது, வாசலில் அறிமுகமில்லாத ஒரு பெண்ணைப் பார்த்தாள். நல்ல வீட்டுப் பெண். பட்டுக்கரை வைத்த சேலை, கழுத்தில் நகை. தோவாளையிலிருந்து வருகிறாள் என்று பிறகு தெரிந்தது. ஞானசெல்வி அவளுக்குத் தன் பாயைப் போட்டு உட்காரவைத்து, கருப்பட்டிக் காப்பி கொடுத்து, கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் அழவில்லை. ஏதோ நிலம் வாங்க வந்தவளைப் போல நிதானமாகப் பேசினாள்.

குளோரி நேராக மிக்கேலம்மாளின் வீட்டுக்குப் போனாள். கிழவி காய்ச்சலில் படுத்திருந்தாள்.

"நான் கோர்ட்டுக்குப் போறேன்க்கா. ஏட்டுகிட்ட இல்ல. மாஜிஸ்திரேட்டுகிட்ட."

மிக்கேலம்மாள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். "அவளத் தூக்குல போட்டுருவானுவ."

"தெரியும்."

"அவளுக்கு நம்மள விட்டா ஆரும் கெடையாது."

"அதுவும் தெரியும்க்கா. ஒரு காலையும் நான் இனி பிடிக்க மாட்டேன். பிடிக்காம வீட்டுல இருந்தாலும் பிடிச்ச மாதிரித்தான் இருக்கு."

மிக்கேலம்மாள் அவள் பக்கம் திரும்பிச் சொன்னாள், "ராஜையனுக்க சைக்கிளப் பிடிச்சது நான். எனக்க பேரையும் சொல்லு. விட்டுராத."

மரியானிடம் அவள் இரவு சாப்பாட்டின்போது சொன்னாள். அவன் பாதிச் சோற்றில் கையை எடுத்துவிட்டான். கிளீட்டஸ் எழுந்து வெளியே போய்விட்டான். மறுநாள் காலையில் மரியான் கடலுக்குப் போகாமல் பஸ் நிற்கும் இடம்வரை அவளோடு நடந்து வந்தான். பஸ் வந்ததும் அவளுடைய துணி மூட்டையை மேலே எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனான்.

கோர்ட்டில் அவளை யாரும் உள்ளே விடவில்லை. புகார் கொடுக்க வந்தவள் என்று நினைத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகச் சொன்னார்கள். அவள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் மாஜிஸ்திரேட் சாப்பாட்டுக்கு இறங்கியபோது எழுந்து வழியில் நின்றாள்.

"நான் ஒரு ஆளைக் கொன்னேன். இன்னொரு ஆளைக் கொல்ல விட்டேன். எழுதிக்கணும்" என்றாள்.

எழுதி முடிக்க இரண்டு நாளாயிற்று. தாழங்காடு, குளத்தங்கரை, சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்த்த ஏட்டு, எல்லாவற்றையும் சொன்னாள். கேட்காததையும் சொன்னாள். தான் ஞானசெல்வியின் பின்னால் நடந்து போனதைச் சொன்னபோதுதான் அழுதாள்.

ஞானசெல்வியைப் பிடிக்க வந்தபோது அவள் வீட்டு முற்றத்தில் திரச்சி மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். ஓடவில்லை. கையைக் கழுவிவிட்டு, மீனைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். ஊரில் பலர் அவளுக்காக அழுதார்கள். குளோரியின் வீட்டுக் கூரையை அன்று சாயங்காலம் யாரோ பிய்த்துப் போட்டார்கள். மரியானும் கிளீட்டஸும் மறுவாரமே வேறு கரைக்குப் போய்விட்டார்கள்.

மிக்கேலம்மாளுக்கும் குளோரிக்கும் ஏழேழு வருஷம் தண்டனை. ஞானசெல்விக்குத் தூக்கு விழுந்து, மேல்கோர்ட்டில் அது ஆயுளாக மாறியது. சிவதாணுவுக்கு வேலை போனது. முத்துக்கனி சாட்சிக்கூண்டில் ஏறி, யாரையும் எதுவும் செய்யச் சொல்லவில்லை, என் கஷ்டத்தைச் சொன்னேன், அவ்வளவுதான் என்றாள். அதற்குமேல் அவளை ஒன்றும் செய்ய முடியவில்லை.

திருவனந்தபுரம் ஜெயிலில் பெண்களுக்கு ஒரே கூடம். மிக்கேலம்மாள் மூன்றாம் வருஷம் அங்கேயே செத்தாள். ஞானசெல்வி குளோரியோடு ஒரு தடவைகூடப் பேசவில்லை. மற்றவர்களிடம் பேசினாள். புதிதாக வருகிற பெண்கள் ஒவ்வொருவராக அவளுடைய பாய்க்குப் பக்கத்தில் போய் உட்காருவார்கள். அப்பன், புருஷன், மைத்துனன், முதலாளி என்று யாரோ ஒருவனைப் பற்றிச் சொல்லுவார்கள். ஞானசெல்வி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டேயிருப்பாள். அவர்களில் சிலர் தண்டனை முடிந்து வெளியே போகும்போது அவள் காலைத் தொட்டுவிட்டுப் போவதைக் குளோரி கூடத்தின் மறுகோடியிலிருந்து பார்த்தாள். அவர்கள் எந்த ஊருக்குப் போகிறார்கள், போய் என்ன செய்வார்கள் என்று தெரியாது. இதைக் கூடத்துக்குக் காவலிருந்த ஜமேதாரிணியிடம் ஒருமுறை சொன்னாள். அவள் சிரித்துவிட்டாள்.

1956 கார்த்திகையில் குளோரியை விட்டார்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஆள், நம்முடைய தாலூக்காக்கள் எல்லாம் இப்போது சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்துவிட்டன என்று சந்தோஷமாகச் சொன்னார். அவள் தலையாட்டினாள். அவள் புன்னைத்துறைக்குப் போகவில்லை. பனவிளையில் இறங்கினாள்.

ஓலைவீடு இருந்த இடத்தில் ஓட்டுவீடு நின்றது. முற்றத்தில் ஒரு இளம்பெண் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"இங்க ஒரு அம்மை கெடையில கெடந்தாவளே. சுயம்புலிங்கத்துக்க அம்மை."

"அந்தப் பாட்டியா? மவன் செத்து ஒரு மாசத்துல போயிட்டாவ. பாக்க ஆளில்லாம கெடந்துதான் செத்தாவளாம். பொறவு அந்த முத்துக்கனியக்கா விளைய எங்களுக்கு எழுதிக் குடுத்துட்டு, திருநெல்வேலிப் பக்கம் போயிட்டாவ." குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க ஆரும்மா? சொந்தமா?"

தூரத்து உறவு என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்திருப்பாள்.

"புன்னைத்துறை குளோரி" என்றாள்.

அந்தப் பெண்ணின் கை சோற்றுக் கிண்ணத்தோடு நின்றது. மெதுவாகக் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். கண்ணை எடுக்காமல் பின்பக்கமாகவே நடந்து படியேறினாள். கதவு சாத்தப்பட்டது. தாழ் விழுந்தது. பிறகு உள்ளே ஏதோ கனமான பொருளை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிற சத்தம் கேட்டது.

குளோரி முற்றத்தில் கொஞ்சநேரம் நின்றாள். சோற்றுப் பருக்கைகளைத் தேடிக் கோழிகள் வந்தன. மூட்டையை எடுத்து இடுக்கிக்கொண்டு, பஸ் போகிற ரோட்டைப் பார்த்து நடந்தாள்.